புக்ககத்தின் முதற்காட்சி: 'போரும் அமைதியும்' நாவலில் ஒரு பகுதி பற்றிய ஆய்வு

காதற்கதைகளை ஆராய்வோர் தலைமக்களின் முதற்சந்திப்பையும் பிரிவையும் மணத்தையும் விரிவாக எடுத்துப் பேசுவர். இவற்றிற்கு இடையே நிகழும் ஒன்று பெரும்பாலும் அவர்தம் கண்ணிற் படாமலே போகின்றது. மணந்துகொள்வதெனக் காதலர் உறுதி செய்துகொண்ட பின்னர், மணம் நிகழ்வதற்கு முன்னர், ஒருவர் மற்றவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் நேரிற் காணும் காட்சியே அது. நம் நாட்டிற் 'பெண் பார்த்தல்' என வழங்கும் நிகழ்ச்சியோடு இதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. பெண் பார்க்க வருவோர் தேர்ந்தெடுக்க வருகின்றனர். விருப்பம் அதன் பின்னரே தோன்றும், அல்லது தோன்றாது போகும். கல்கியின் 'அலை ஓசை'யில் லலிதாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை சீதாவைக் கண்டு அவளையே மணக்க விரும்புதல், அவ்வாறு தேரும் உரிமை அவனுக்கு இருத்தலாலேயே இயல்வதாயிற்று. ஈண்டு நாம் கருதும் காட்சியிலோ தேர்வு முன்பே முடிந்துவிட்டது. தேர்ந்தவர் வேறு, இப்பொழுது எதிரில் அமர்ந்து நோக்குபவர் வேறு. தாம் தேராத ஒருவரைத் தம்மவராக ஏற்குமாறு ஒரு குடும்பம் வேண்டப்படுகின்றது. காதல் இருவர்க்கு உரியதா, இரு குடிகளுக்கு உரியதா என்னும் வினா வாய்விட்டுக் கேட்கப்படாமலே இங்கு எழுகின்றது.

இக்காட்சியின் இயல்பை முழுதும் உணர்ந்து எழுதியவருள் முதல்வராக லியோ டால்ஸ்டாயைக் கூறலாம். 1865 முதல் 1869 வரை வெளிவந்ததும், டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பால் தமிழ் மட்டும் அறிந்தார்க்கும் எட்டியதுமாகிய 'போரும் அமைதியும்' என்னும் பெருநாவலில், இரண்டாம் தொகுதியின் ஐந்தாம் பகுதியில், நடாஷா தன் வருங்கால மாமனார் வீட்டுக்குச் செல்லும் இயல் ஒன்று உண்டு. அது சில பக்கங்களிற் படித்து முடிக்கத்தக்க சிறிய இயல். பெரும்போர்களையும் பேரரசர்களையும் நோக்கி விரையும் படிப்பவர் அதனை எளிதிற் கடந்துவிடுவர். அந்நாவலின் காதற்கதை முழுவதும் அச்சிறு இயலில்தான் திரும்புகின்றது என்பதே இக்கட்டுரையின் கோள்.

அதனுட் புகுமுன் நம் அகமரபு இதனை எவ்வாறு கண்டது என நோக்குதல் பயன் தரும். தொல்காப்பியர் கற்பின் இலக்கணம் கூறுமிடத்துக் கொள்ளற்குரிய கிழவனைக் கூறினார், கிழத்தியைக் கூறினார், கொடுத்தற்குரிய மரபினோரைக் கூறினார். கிழவனைப் பெற்றோரைக் கூறினாரல்லர். செய்யுளியலிற் களவிலும் கற்பிலும் கூற்று நிகழ்த்துதற்கு உரியாரை வரையறுக்குமிடத்தும், பாணன் கூத்தன் பரத்தை ஈறாகப் பலரும் இடம்பெற, தலைவனுடைய தாய்க்கு ஆங்கு இடமில்லை. தலைவியின் தந்தையும் தமையன்மாரும் தாமே பேசாராயினும், பிறர் அவர்தம் சொல்லைக் கொண்டெடுத்து மொழிதற்கேனும் உரியராயினர். தலைவனைப் பெற்றோர்க்கு அச்சிறு உரிமையும் வகுக்கப்படவில்லை. இதனைக் காட்டி, 'அகம் என்பது ஒருவன் ஒருத்தி என்னும் இருவரது ஒழுக்கமே. புக்ககத்தாரைப் பற்றிய கவலை பிற்காலத்தார்க்கே உரியது' எனக் கூறுவாரும் உளர்.

அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாட்டொன்றில் (146) தலைவன் பொருட்டு வரைவு வேண்டி முதியோர் வருகின்றனர். அவர்தம் கையிற் கோலும் நரைத்த தலையிற் கட்டிய துணியும் தோழியின் கண்ணுக்குப் படுகின்றன. பிரிந்தாரைச் சேர்த்துவைப்போரும் நம்மூரில் இருக்கின்றனர் போலும் என அவள் தலைவியை ஆற்றுவிக்கின்றாள். வந்தவரைத் தோழி தொலைவில் நின்றே காண்கின்றாள். தலைவி அவர் முன்னிலைக்குச் செல்வதில்லை. இதனினும் நுட்பமானது ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில், மறுதரவுப் பத்தில் உள்ள ஐங்குறுநூற்றுப் பாட்டு (399). தலைவனோடு உடன்போய் மீண்டு வரும் மகளுக்குத் தலைவன் இல்லத்தில் அவன் தாய் சிலம்புகழி நோன்பு செய்ய இருப்பதைக் கேட்ட நற்றாய், சிலம்பு கழித்தலை உங்கள் மனையிற் செய்தாலும் மணத்தையேனும் எங்கள் மனையில் நிகழ்த்துக என்று அத்தாய்க்கு யாரேனும் சொன்னால் என்ன என ஏங்குகின்றாள். மகளைக் கவர்ந்தவனைப் பொய் வல்லவன் என இகழும் அதே வாயால் அவனை ஈன்றவளிடம் அவள் இரக்கின்றாள். இரப்பதும் நேரில் அன்று. யாரேனும் சென்று சொல்லமாட்டாரா என்றே கேட்கின்றாள். இரு தாயரும் ஒருவரையொருவர் காணவில்லை. காணாத அவ்விடைவெளியில்தான் பாட்டு நிற்கின்றது. சம்பந்தியர் இருவர்க்கிடையே எழும் உரிமைப் போரை இத்துணைச் சில அடிகளில் அடக்கிய பாட்டு வேறு ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆதலின் அகமரபு புக்ககத்தாரை அறியாது விட்டதன்று. அவரை மேடைக்கு வெளியே நிறுத்திவைத்தது எனக் கொள்வதே பொருந்தும்.

டால்ஸ்டாய் அவரை மேடைக்கு அழைத்துவந்து, அவர்க்கு ஈடாக மற்றொருவனை மேடையினின்றும் அகற்றினார். அவன் காதலன்.

மனைவியை இழந்தவனும் ஒரு மகனை உடையவனுமாகிய இளவரசன் ஆந்திரேய் இளம்பெண் நடாஷாவை மணக்க விரும்பித் தன் தந்தையின் இசைவை வேண்டுகின்றான். முதிய இளவரசர் பல்கோன்ஸ்கி மறுப்புக் கூறவில்லை. ஓராண்டு பொறுத்திரு, வெளிநாடு சென்று உடலைத் தேற்றிக்கொள் என்கின்றார். ஓராண்டில் இவ்விருப்பம் தானே ஓயும் என்பது அவர் கணக்கு. மகன் இதற்கு இணங்குவதோடு தானும் ஒரு விதி செய்கின்றான்: மணவுறுதியை ஊரறியச் செய்யலாகாது, தான் கட்டுண்டவன், நடாஷாவோ கட்டற்றவள், விரும்பினால் அவள் மறுத்துவிடலாம். இது பெருந்தன்மை எனவே தோன்றும். ஆயினும் இப்பெருந்தன்மையின் விளைவை எண்ணுதல் வேண்டும். ஊரறியாத உறுதி புக்ககத்தில் ஒரு பெண்ணுக்கு எவ்வகை நிலையையும் அளிப்பதில்லை. அவள் அங்குச் செல்லும்போது விருந்தினளும் அல்லள், மருமகளும் அல்லள். தோழி அறத்தொடு நின்று களவை வெளிப்படுத்துதல் எதற்காக என்பதை நம் இலக்கணம் நன்கு அறிந்திருந்தது. ஆந்திரேய் அதனை அறியவில்லை.

ஆண்டு முடியும் தறுவாயில் ரஸ்தோவ் பிரபு நடாஷாவையும் சோனியாவையும் அழைத்துக்கொண்டு மாஸ்கோ வருகின்றார். மகளுக்கு மணச்சீர் வாங்க வேண்டும். நகரையடுத்த நிலத்தை விற்க வேண்டும். செல்வம் கரைந்துவரும் குடும்பம் என்பது இவ்விரு செயலும் அடுத்தடுத்து நிற்றலாலேயே விளங்குகின்றது. தங்கிய வீட்டின் தலைவி நடாஷாவின் ஞானத்தாய். கிழவர் இம்மணத்தை விரும்பவில்லை, ஆயினும் தந்தையோடு சென்று கண்டுவா, நாத்தியின் அன்பைப் பெறு என அவள் அறிவுறுத்துகின்றாள். பிரபுவுக்கு அச்சம். போர்ப்படைக்கு ஆள் திரட்டிய காலத்தில் அவரை முதிய இளவரசர் கடிந்துகொண்டது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. நடாஷாவுக்கோ அச்சமில்லை. தன்னை இதுவரை விரும்பாதவர் ஒருவருமில்லையே, இவர்கள் மட்டும் எங்ஙனம் விரும்பாதிருப்பர் என்பது அவள் எண்ணம். தன் ஆடைகளுள் சிறந்ததை உடுத்து மகிழ்ச்சியோடு புறப்படுகின்றாள். அவ்வாடையே அவளுக்குப் பகையாகப் போகின்றது.

வாயிலில் ஏவலர் தடுமாறுகின்றனர். ஒருவன் உள்ளே ஓடுகின்றான். மற்றவர் மெல்லப் பேசிக்கொள்கின்றனர். இளவரசர் காண இயலாது, இளவரசி மேலே வருமாறு வேண்டுகின்றாள் என்னும் விடை வருகின்றது. முதலில் எதிர்கொள்பவள் அவ்வீட்டில் வாழும் புரியேன் என்னும் பிரெஞ்சுத் துணைமாது. பின்னர் இளவரசி மரியா, முகத்திற் செந்திட்டுகள் படர, கனத்த நடையோடு விரைந்து வருகின்றாள். இயல்பாகத் தோன்றவேண்டும் என்று அவள் படும் பாடே அவளை இயல்பற்றவளாக்குகின்றது. முதல் நோக்கிலேயே நடாஷாவை அவளுக்குப் பிடிக்கவில்லை. மிகை அலங்காரமும் பொறுப்பற்ற களிப்பும் வீண்பெருமையும் உடையவளாக அவள் தோன்றுகின்றாள். காணுமுன்பே தன் நெஞ்சு அவளுக்கு எதிராக நின்றது என்பதை மரியா அறியவில்லை. நடாஷாவின் அழகின்மேலும் இளமையின்மேலும் இன்பத்தின்மேலும் எழுந்த அழுக்காறு ஒருபுறம். தமையன் அன்பை இவள் பங்கிட்டாள் என்னும் பொறாமை மறுபுறம்.

இங்கு நாவலின் முற்பகுதியில் நிகழ்ந்த ஒன்றைப் படிப்பவர் நினைவுகூர்தல் வேண்டும். முதல் தொகுதியில், லீசியே கோரி என்னும் அவர்தம் பண்ணைக்கு வாசிலி குராகின் தன் மகன் அனத்தோலை மரியாவுக்கு மணம் பேச அழைத்து வருகின்றான். அன்று வருகின்றவர்க்காகப் பாதையிற் பெருக்கித் தள்ளிய பனியை முதிய இளவரசர் மீண்டும் பாதையிலேயே கொட்டச் செய்தார். அன்று அழகற்ற மரியாவை ஆண்ட்ரேயின் முதல் மனைவியும் புரியேன் மாதும் சேர்ந்து உடுத்தி, தலைமயிரைத் திருத்தி, முன்னினும் அழகற்றவளாக்கினர். பிறர் நோக்கின்கீழ் நிறுத்தப்படுதல் எத்துணைக் கொடிது என்பதை அந்நாவலில் மரியாவைப்போல் அறிந்தவர் இலர். அவளே இன்று மற்றொரு பெண்ணை நோக்கும் இடத்தில் அமர்ந்திருக்கின்றாள். அறிந்தவள் ஆதலின் இரங்குவாள் என நாம் எதிர்பார்க்கின்றோம். ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. துன்பம் பட்டவர் பிறர் துன்பத்தை உடனே உணர்வர் என்பது கதைகளின் வழக்கம், வாழ்க்கையின் வழக்கமன்று.

பிரபு செய்த செயலும் நோக்கற்பாலது. அருகிலுள்ள மற்றொரு வீட்டிற்குக் கால்மணி நேரம் சென்று வருவதாகக் கூறி அவர் எழுந்துவிடுகின்றார். மைத்துனியர் இருவரும் மனம்விட்டுப் பேசட்டும் என எண்ணியதாகப் பின்னர் மகளிடம் கூறுவாராயினும், முதிய இளவரசரை எதிர்ப்பட அஞ்சியதே உண்மை. நடாஷா இதனை அறிந்தாள், தந்தைக்காக நாணினாள், நாணிய தன்மேல் சினந்தாள், அச்சினத்தால், எனக்கு யாரிடத்தும் அச்சமில்லை என்பதுபோல் இளவரசியைத் துணிந்து நோக்கினாள். அந்நோக்கையே மரியா செருக்கு எனக் கொண்டாள். மெய்ப்பாட்டியலில் இளிவரலின் நிலைக்களன் நான்கனுள் மென்மை என ஒன்று கூறப்பட்டுள்ளது. அதனை எளிமை எனக் கொண்டால், தந்தையின் எளிமை கண்டு மகளுக்குத் தோன்றிய இளிவரல் இது எனலாம். இளிவரல் வெகுளியாகி, வெகுளி பெருமிதத்தின் தோற்றம் கொண்டு புறத்தே நிற்கின்றது. காண்பவர்க்கு இறுதியிற் கிடைத்தது மட்டும் தெரிகின்றது. ஒரு சில வினாடிகளில் நிகழும் இம்மாற்றத்தை ஆசிரியர் சில சொற்களில் சொல்லிவிடுகின்றார்.

பிறகு முதிய இளவரசர் வருகின்றார். உள்ளே வாராதவர் எனக் கூறப்பட்டவர், வீட்டங்கியும் வெண்ணிறத் தூக்கக் குல்லாயும் அணிந்தபடியே கதவைத் திறந்து வருகின்றார். கோமகள் வந்திருப்பதை அறியாமல் மகளைக் காண இக்கோலத்தில் வந்துவிட்டதாகவும், கடவுள் சான்றாக அறியாததாகவும், மன்னிக்க வேண்டும் எனவும் கூறுகின்றார். அறிந்தே வந்தார் என்பது அனைவர்க்கும் தெரியும். மன்னிப்பு வேண்டும் சொற்களாலேயே ஒருவரை இழிவுபடுத்தலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. நடாஷாவைத் தலைமுதல் அடிவரை நோக்கிவிட்டு அவர் போய்விடுகின்றார். சிறந்த ஆடை உடுத்து வந்தவளை வீட்டங்கியோடு எதிர்கொள்ளுதல், பனியைப் பாதையிற் கொட்டிய செயலின் மறுவடிவமே ஆகும்.

ஆனால் இக்காட்சியின் உயிர் கிழவரின் குல்லாயில் இல்லை. பின் அறையில் எஞ்சிய இரு பெண்களின் மௌனத்தில் உள்ளது. அரைமணி நேரம் கழிந்தது. ஆந்திரேயின் பெயர் ஒருமுறையும் சொல்லப்படவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரி இருக்கும்போது அவனைப் பற்றி நானா முதலிற் பேசுவது என நடாஷா எண்ணுகின்றாள். மரியாவை வருத்துவதும் அவ்வெண்ணமே. இருவர் நெஞ்சிலும் ஒரே பெயர். இருவர் நாவையும் கட்டியது ஒரே தடை. பேசாது நோக்குந்தோறும் ஒருவர்மேல் ஒருவர்க்கு வெறுப்பு வளர்கின்றது. தந்தை திரும்பி வந்ததும் நடாஷா மரியாதை பாராது மகிழ்ந்து எழுகின்றாள். வாயிலில் மரியா விரைந்து வந்து அவள் கையைப் பற்றி, என் தமையன் இன்பம் கண்டதில் எனக்கு மகிழ்ச்சி எனத் தொடங்கி, தான் சொல்வது உண்மையன்று எனத் தானே உணர்ந்து நிறுத்திக்கொள்கின்றாள். நின்றதையும் நின்றதற்குக் காரணத்தையும் நடாஷா உணர்ந்துகொள்கின்றாள். இப்பொழுது அதைப் பேசுவது ஏற்றதன்று எனக் கண்ணீர் தொண்டையை அடைக்க, புறத்தே குளிர்ந்த குரலில் கூறிவிட்டு வெளியேறுகின்றாள்.

பொய் சொல்லத் தெரிந்தவளாக மரியா இருந்திருப்பின் அன்று யாவும் நலமாக முடிந்திருக்கும். உண்மையுடைமையே ஈண்டுக் கேடு விளைத்தது. இவ்விடத்தில் ஆசிரியர் யாரையும் குற்றவாளியாக்கவில்லை. கிழவரையும் முற்றும் வெறுக்க விடவில்லை. அறம் பிழைத்தார் ஒருவருமின்றி ஓர் அவலம் நிகழ்தல் கூடும் என்பதை இத்துணை எளிய பொருள்களால் காட்டுதல் அரிது.

நடாஷா பின்னர் அனத்தோல் குராகினிடம் மனம் பறிகொடுத்து அவனோடு ஓடிப்போக இசைந்தமைக்கு இரு காரணங்கள் பொதுவாகக் கூறப்படும். ஓராண்டுப் பிரிவு ஒன்று. இசைநாடக அரங்கின் செயற்கை ஒளியும் ஆரவாரமும் தந்த மயக்கம் மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் பிரிவு ஓராண்டு முழுவதும் இருந்தது. அதனால் மட்டும் அவள் பிறழவில்லை. இசைநாடகம் எந்நாளும் நடந்தது. பல்கோன்ஸ்கி வீட்டிலிருந்து திரும்பிச் சிறு குழந்தைபோல் அழுத அந்நாளின் மாலையிலேயே அவள் அரங்கிற்குச் செல்கின்றாள் என்பதை ஆசிரியர் வெளிப்படையாகக் கூறியிருக்கவும், அதனைத் திறனாய்வாளர் போதிய அளவு எடுத்தாளவில்லை. புறப்படுமுன் கண்ணாடியின் எதிரே நின்று அவள் எண்ணுவனவும் கருதத்தக்கன. அவன் தந்தையும் தங்கையும் எனக்கு என்ன, நான் காதலிப்பது அவனை மட்டுமே எனத் தன்னைத் தேற்றிக்கொள்கின்றாள். உடனே அவன் முகமும் நகையும் நினைவில் எழ, வேண்டா, இப்பொழுது அவனை எண்ணாதிருத்தலே நன்று, அறவே மறந்திருத்தலே நன்று என்கின்றாள். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையில் ஓர் அடி தூரமே உள்ளது. குடும்பத்தை விலக்கி அவனை மட்டும் தனியே வைத்துக்கொள்ள முயன்றாள். தனியே வைத்தவனோ கண்ணெதிரே இல்லாதவன். காலையில் ஒரு வீட்டில் தலைமுதல் அடிவரை நோக்கி வேண்டாவென ஒதுக்கப்பட்டவளை, மாலையில் அரங்கில் ஒருவன் தலைமுதல் அடிவரை நோக்கி வியக்கின்றான். அனத்தோலின் நோக்கு, முதிய இளவரசர் நோக்கு ஆற்றிய புண்ணுக்கு மருந்தாக வந்தது என்பதே யாம் கொள்ளும் பொருள். அவன் முன்னொருகால் மரியாவை மணம் பேச வந்தவனே என்பதையும் சேர்த்து எண்ணுக.

காதலன் உடனிருக்கும்போது இக்காட்சி எவ்வாறு மாறும் என்பதற்கும் அவ்வாசிரியரிடமே சான்று உண்டு. 'அன்னா கரீனினா'வில் கிட்டியின் இசைவு பெற்ற லெவின் மறுநாள் அவள் பெற்றோரைக் காண்கின்றான். தாய் மணநாளையும் மணச்சீரையும் பற்றிப் பேசத் தொடங்க, இன்றே வாழ்த்துச் சடங்கு, நாளையே மணம் என்கின்றான் லெவின், அனைவரும் நகைக்கின்றனர். இத்தகைய பேரின்பத்திற்கு இடையே மணச்சீர்ப் பேச்சா என அவன் திடுக்கிட்டுக் கிட்டியை நோக்குகின்றான். அவள் சிறிதும் வருந்தாதிருத்தலைக் கண்டு, இதுவும் வேண்டுவதே போலும் எனத் தெளிகின்றான். அவலத்திற்கு இங்கு இடமில்லை. திகைத்தவன் திரும்பி நோக்க ஒரு முகம் அறையில் இருந்தது; நடாஷாவுக்கு இருந்ததில்லை.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினும் இதனை அறிந்திருந்தார். 1817ஆம் ஆண்டின் இறுதியில், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி'யில், பெருஞ்செல்வி எனத் தவறாக எண்ணிக் காதரினை அளவிறந்து உபசரித்த தளபதி டில்னி, உண்மை அறிந்ததும் துணையின்றி அவளை எழுபது மைல் தொலைவுக்கு அனுப்பிவிடுகின்றார். அப்பொழுது மகன் ஹென்றி வீட்டில் இல்லை. 1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்சியின் பெரியதாயாகிய காதரின் சீமாட்டி நான்கு குதிரை பூட்டிய வண்டியில் எலிசபெத்தின் வீட்டுக்கே வந்து, டார்சியை மணப்பதில்லை என உறுதி கூறுமாறு வற்புறுத்துகின்றாள். டார்சி அங்கில்லை. எலிசபெத் மறுத்துவிடுகின்றாள். சீமாட்டி அதனை டார்சியிடம் சென்று கூற, அவனுக்கு அதுவே நம்பிக்கை ஊட்டுகின்றது. இவ்வுரையாடலைப் படித்து மகிழாதார் இலர். எனினும் எலிசபெத் வாய்திறந்து பேசினாள், நடாஷா பேசவில்லை என்பதைக் கொண்டு முன்னவளைத் துணிவுடையாள் எனவும் பின்னவளைப் பேதை எனவும் ஒப்பிடுதல் தவறு. எலிசபெத்துக்கு அன்று மணவுறுதி ஏதும் ஆகவில்லை. அவள் காக்கவேண்டியது தன் மானம் ஒன்றே. உறுதி செய்துகொண்டவளோ எதிரே இருப்பவரை விரும்பச் செய்யவேண்டும். நாளை அவர்களோடு வாழவேண்டும். ஆதலின் அவள் நா கட்டுண்டது. இவ்வேறுபாட்டைக் கருதாத ஒப்பியல், பெயர்களை அடுக்கும் பயிற்சியாகவே முடியும்.

மணத்திற்குப் பிற்பட்டதாயினும், இங்கு நினைவுக்கு வருவது சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையிற் கண்ணகி கோவலனிடம் கூறும் செய்தி. அவன் மாதவியோடு வாழ்ந்த நாளில் அவன் தாயும் தந்தையும் அவளை வந்து கண்டனர். அவள் சினம் காட்டவில்லை. அவர்கள் அன்புமொழி கூறிப் பாராட்டினர். அவள் மறைத்த நோயை அவளது மெய்யல்லாத முறுவலே புலப்படுத்த, அவர்கள் உள்ளம் வருந்தினர் என அவள் கூறுகின்றாள். இங்கும் அறையில் இல்லாதவன் ஒருவன். அவனைப் பற்றிப் பேசாதவர் மூவர். ஆனால் பேசாமை ஈண்டு அவர்களைப் பிரிக்கவில்லை. பொய்ம்முறுவலைப் பொய்யென அறிந்தும் அறியாதார்போல் பாராட்டிய மாமனும் மாமியும், பொய் எனத் தானே அஞ்சிச் சொல்லைப் பாதியில் நிறுத்திய மரியாவும் இரு துருவங்கள். இளங்கோவடிகள் மாமியை மேடையிற் பேசவிடவில்லை. மருமகளின் நினைவில் மட்டும் நிறுத்தினார். முன்னர்க் கூறிய அகமரபின் வழியிலேயே அவர் நின்றார் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகலாம்.

மரியா வாளா இருந்துவிடவில்லை. தவறு நேர்ந்துவிட்டது, தமையன் தேர்ந்தவளை நேசியாதிருக்க இயலாது, மீண்டும் காண நாள் குறித்து அனுப்புக என நடாஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அது உண்மையான கடிதம். அறையில் வாராத சொல் தாளில் வந்தது. ஆயினும் காலம் தாழ்த்து வந்தது. அதற்குள் நடாஷா அனத்தோலைக் கண்டு பழகிவிட்டாள். விடை எழுத அமர்ந்து, விளித்தற்குரிய சொற்களை எழுதியபின் மேலே எழுத ஒன்றுமின்றி இருந்தாள். அடுத்து அவள் மரியாவுக்கு எழுதியது மணவுறுதியை முறிக்கும் கடிதம்.

பின்னர் இருவரும் யாரோசுலாவல் நகரில், போரிற் புண்பட்டு இறந்துகொண்டிருந்த ஆந்திரேய் இருந்த வீட்டிற் சந்திக்கின்றனர். நடாஷா அறைக்குள் ஓடி வருகின்றாள். அவள் முகத்தைக் கண்ட அளவிலே மரியா யாவும் உணர்ந்து அவளைத் தழுவி அழுகின்றாள். மாஸ்கோவில் அரைமணி நேரம் முயன்றும் இயலாதது இங்கு ஒரு சொல்லுமின்றி நிகழ்கின்றது. அங்கியும் குல்லாயும் இல்லை. மருமகளாதல் என்னும் நோக்கமும் இல்லை. அவன் இறந்த பின்னரே அவர்கள் உண்மையில் உறவினராகின்றனர்.

நாவலின் பின்னுரையில் மரியா நடாஷாவின் தமையன் நிகோலாய் ரஸ்தோவை மணந்திருக்கின்றாள். லீசியே கோரியின் பழைய வீடு புதுப்பிக்கப்பட்டுவிட்டது. நிகோலாயின் தாய், முதிய ரஸ்தோவ் கோமகள், அங்கு மருமகளின் பேணுதலில் வாழ்கின்றாள். நடாஷா தன் கணவனோடும் குழந்தைகளோடும் வந்து திங்கட்கணக்கில் தங்குகின்றாள். வருகின்றவர்க்காகப் பெருக்கிய பனியை முதிய இளவரசர் மீண்டும் கொட்டச் செய்தது அவ்வீட்டுப் பாதையில்தான்.